நான் வெட்டிய மூன்று வரிகள்

எழுபதாவது வயதில் நான் ஒரு புத்தகம் போட்டேன். போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மட்டக்களப்பில் யாரும் கேட்டுப் புத்தகம் வருவதில்லை. ஓய்வூதியம் வரத் தொடங்கினால் பின்னால் புத்தகமும் வந்துவிடும், நீரிழிவு வருவதைப் போல. என்னுடையது குறுங்கதைத் தொகுப்பு. நாற்பது கதைகள். ஆக நீளமான கதை பதினொரு வரி. நாவல் எழுதுகிறவர்களைப் பார்த்து நான் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஐந்து வரியில் முடிகிற விஷயத்துக்கு ஐந்நூறு பக்கம் எடுப்பவர்கள் என்று ஒரு கூட்டத்தில் சொல்லியும் இருக்கிறேன். கைதட்டினார்கள்.

அந்தப் புத்தகத்தால் நான் செய்த ஒரு பிழையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதில் வருகிற அம்மா ஒருவர், எழுதுவதென்றால் எதையும் வெட்டாமல் எழுதும்படி சொல்லியிருக்கிறார். ஆகவே இது கொஞ்சம் நீளும்.

வேலையில் இருந்த காலத்தில் கல்விப் பணிமனையில் சுற்றறிக்கை எழுதிக்கொண்டிருந்தவன் நான். ஓய்வு பெற்றதும் ஊர் எனக்கு வேறொரு எழுத்துவேலை தந்தது. நினைவு மலர். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுப்பார்கள். முன்னட்டையில் இறந்தவரின் படம், உள்ளே தேவாரம், குடும்ப மரம், வாழ்க்கைச் சுருக்கம், கடைசிப் பக்கத்தில் நன்றி. அந்த வாழ்க்கைச் சுருக்கத்தை எழுத ஒரு படித்த ஆள் வேண்டும். பத்து வருடமாக அந்த ஆள் நான்தான்.

என் மலர்களை அடுக்கி வைத்து வாசித்தால், இந்த மாவட்டத்தில் ஒரே ஒரு மனிதர்தான் திரும்பத் திரும்பச் செத்திருக்கிறார் என்று தோன்றும். அவர் இன்முகம் கொண்டவர். பரோபகாரி. யார் மனதையும் நோகச் செய்யாதவர். குடித்தே ஈரல் கெட்டுப் போனவரை நண்பர்களை உயிராக நேசித்தவர் என்று எழுதினேன். மனைவிக்கு அடித்தவரைக் கண்டிப்பான குடும்பத் தலைவர் என்று எழுதினேன். யாரோடும் பேசாமல் முப்பது வருடம் சாய்கதிரையில் கிடந்தவர் என் கையால் அமைதியே உருவானவர் ஆனார்.

இப்படி எழுதுவதற்குப் பத்தாம் நாள், பதினைந்தாம் நாள் போல வீட்டுக்காரர்கள் என்னிடம் வருவார்கள், அல்லது நான் போவேன். பிறந்த ஊர், படித்த பள்ளி, பார்த்த வேலை எல்லாம் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நான் பேனையை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருப்பேன். செத்தவீட்டில் ஒருவர் சும்மா இருந்தால் மற்றவர் பேசத் தொடங்குவார். இது நான் கண்டுபிடித்த தொழில்நுட்பம். மகன் அப்பாவைப் பற்றி, மனைவி கணவனைப் பற்றி, யாருக்கும் சொல்லாததைச் சொல்லுவார்கள். சொல்லி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்லுவார்கள்: "சேர், இதை மலரில போட்டுடாதீங்க."

நான் மலரில் போடவில்லை. அந்த அளவுக்கு நாணயமானவன். வீட்டுக்கு வந்து வேறொரு கொப்பியில் எழுதிவைத்தேன்.

அந்தக் கொப்பியில் இருந்துதான் நாற்பது கதைகளும் வந்தன.

செட்டிபாளையத்தில் ஓர் அம்மா இருக்கிறார். தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், விதவை. அவருடைய அண்ணன் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்தவர். கலியாணம் செய்யாதவர். தங்கைக்கு வீடு கட்டிக் கொடுத்து, அவளைக் கரைசேர்த்து, அந்த வீட்டின் ஒரு பக்க அறையிலேயே இருந்து மூன்று வருடத்துக்கு முன்பு மாரடைப்பில் செத்துப்போனார். எங்கள் ஊர்களில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குப் போய்விடுவார். அதனால் தங்கை இருக்கிற வீட்டில் அண்ணன் கலியாணம் பிந்துவது புதினமில்லை. நானும் மலரில் தங்கையின் வாழ்வுக்காகத் தன் இல்லறத்தைத் துறந்த தியாகச் செம்மல் என்று எழுதினேன்.

அந்தச் செத்தவீட்டுக்கு உன்னிச்சையில் இருந்து ஓர் அம்மா வந்திருந்தாராம். பின்னால், பெண்களோடு பெண்ணாக இருந்து அழுதுவிட்டு, போகும்போது தங்கையிடம் கேட்டாராம், வலிப்பு வந்துதான் செத்தவரா என்று. தங்கைக்கு அவர் யாரென்று அப்போதுதான் விளங்கியது. இளவயதில் அண்ணனை மாப்பிள்ளை கேட்டு வாவிக்கு அக்கரையில் இருந்து வந்த குடும்பத்தின் பெண். இல்லை, அது பிறகு மாறிவிட்டது, இது நெஞ்சு வருத்தம் என்று தங்கை சொன்னாராம். சொல்லிவிட்டு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லையாம். ஏனென்றால் அண்ணனுக்கு ஒரு நாளும் வலிப்பு வந்ததில்லை.

இதெல்லாம் நான் பேனையை மூடிவைத்துச் சும்மா இருந்தபோது எனக்குச் சொல்லப்பட்டது. புத்தகத்தில் இது பதினேழாம் கதை. தலைப்பு, வலிப்பு. இதுதான் முழுக் கதையும்:

அக்கரையில் இருந்து அண்ணனை மாப்பிள்ளை கேட்டு வந்தார்கள். வீட்டுக்கு இன்னும் ஓடு போடவில்லை. தங்கை வாசல் படலையடியில் வைத்தே சொன்னாள், அண்ணனுக்கு வலிப்பு என்று. வந்தவர்கள் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். அடுத்த மாதம் ஓடு வந்தது. முப்பது வருடம் அண்ணன் அந்த ஓட்டின் கீழ் தனியாகப் படுத்திருந்தார்.

ஆறு வசனம். எழுதி முடித்த அன்று நான் இரண்டு தரம் தேத்தண்ணி குடித்தேன், அவ்வளவு சந்தோசம்.

என் மலர்கள் எல்லாம் காத்தான்குடியில் ஓர் அச்சகத்தில்தான் அடிபடும். அதன் முதலாளி ஐந்து வேளையும் தொழுகிறவர். தேவாரத்தில் எழுத்துப் பிழை இருந்தால் என்னைவிட முதலில் கண்டுபிடிப்பார். புத்தகத்தையும் அவரிடமே கொடுத்தேன். பக்கத்துக்கு ஒரு கதை, கீழே வெற்றிடம் என்று நான் சொன்னதும் அவருக்குத் தாளை நினைத்துக் கவலை வந்துவிட்டது. "பக்கத்தில முக்காவாசி சும்மா கிடக்கே சேர். கீழ நோன்புக் கலண்டர் அடிச்சு விடட்டா? சனம் வருசம் முழுக்க வெச்சிருக்கும்." வெற்றிடமும் கதையின் ஒரு பகுதிதான் என்று அவருக்கு நான் விளக்கினேன். அவர் மரியாதையானவர், சிரிக்கவில்லை.

ஆனால் படி திருத்தும்போது ஒவ்வொரு பக்கத்திலும் விரலை வைத்து, இது ஆரு சேர், இது ஆரு சேர் என்று கேட்டுக்கொண்டே வந்தார். யாருமில்லை, எல்லோரும்தான் என்று இலக்கியப் பதில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எல்லாரும் எண்டாப் பிரச்சினை இல்ல. ஒராள் எண்டாத்தான் சேர் பிரச்சினை."

நான் அதையும் ஒரு நல்ல வசனமாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கதைகள் நாற்பது பக்கம். அதற்கு முன்னால் ஆசியுரை ஒன்று, வாழ்த்துரை மூன்று, அணிந்துரை, பதிப்புரை, என்னுரை. சுருக்கத்தின் மேன்மை பற்றி எல்லோரும் நீளமாக எழுதியிருந்தார்கள். அணிந்துரை தந்த பேராசிரியர் என் கவிதைகளை வெகுவாகப் பாராட்டியிருந்தார். இவை கதைகள் என்று திருத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, பாராட்டு பாராட்டுத்தானே. பதிப்பகத்துக்குக் காலஞ்சென்ற என் மனைவியின் பெயரை வைத்தேன். பதிப்புரையையும் நானே எழுதினேன். இப்படியொரு எழுத்தாளரைக் கண்டெடுத்ததில் இந்தப் பதிப்பகம் பெருமை கொள்கிறது என்று அதில் இருக்கிறது. இப்போது வாசித்தாலும் எனக்குக் காது சுடும்.

பிறகு வெளியீட்டு விழா. விழா என்றால் மண்டபம் நிறைய வேண்டும். எழுத்தாளர்களை நம்ப முடியாது. அவர்கள் தாங்கள் பேசும் விழாவுக்குத்தான் வருவார்கள், பேசி முடிந்ததும் அடுத்த கூட்டம் இருக்கிறது என்று போய்விடுவார்கள். கதிரைகளில் கடைசிவரை இருக்க, என்மேல் நன்றிக்கடன் உள்ளவர்கள் வேண்டும். அப்படி யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். மலர் எழுதிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் இருந்தார்கள்.

நாற்பது வீட்டுக்கும் நானே நேரில் போனேன். ஒரு கதைக்கு ஒரு வீடு. ஒவ்வொரு கதைக்கும் உரியவர்களைத் தேடிப்போய், வெற்றிலை வைக்காத குறையாகக் கூப்பிட்டேன், உங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஊர் முழுக்க இருக்கும்போது வந்து கேளுங்கள் என்று. வாயால் அப்படிச் சொல்லவில்லை, செய்தது அதுதான். முப்பத்தாறு வருடம் நிருவாகத்தில் இருந்தவனுக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்று பிறகு பலர் கேட்டார்கள். தோன்றியது. ஆனால் அவர்கள் புத்தகத்தை வாசிக்கமாட்டார்கள் என்று நம்பினேன். உண்மையைச் சொன்னால், என் புத்தகத்தை யாருமே வாசிக்கமாட்டார்கள் என்பதில்தான் என் துணிச்சல் எல்லாம் இருந்தது.

செட்டிபாளையத்து அம்மாவும் வந்தார். தனியாக வரவில்லை. உன்னிச்சை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். செத்தவீட்டில் சந்தித்த நாளில் இருந்து அவர்கள் இருவரும் சிநேகம். உன்னிச்சை அம்மாவும் இப்போது விதவை. மகளுக்குக் களுவாஞ்சிகுடிப் பக்கம் வீடு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் மகளைப் பார்க்க வரும்போது இறங்கி, இவர் வீட்டில் பகல் சாப்பிட்டுவிட்டுத்தான் போவார். இருவரும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கலியாணம் நடந்திருந்தால் அதுதானே முறை. வயதுபோன காலத்தில் அந்த முறையைத் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றரைக்கு என்று அழைப்பிதழில் இருந்த விழா ஐந்து மணிக்குத் தொடங்கியது. குத்துவிளக்கில் யார் எந்தத் திரியை ஏற்றுவது என்பதில் இரண்டு பிரமுகர்களுக்குள் ஒரு சின்னக் கசப்பு. பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. எனக்கு விழுந்தவற்றில் ஒன்று, போன மாதம் இன்னொரு விழாவில் நானே வேறொருவருக்குப் போர்த்தியது. நயவுரைக்கு ஓய்வுபெற்ற விரிவுரையாளர் ஒருவர் எழும்பினார். அவருக்கு வாசிக்க நேரமிருக்காது என்று தெரிந்து, எந்தக் கதையைச் சொன்னால் எடுபடும் என்று நானே ஒரு தாள் துண்டைப் பதினேழாம் கதையில் வைத்துக் கொடுத்திருந்தேன்.

அவர் நல்ல குரல்காரர். வலிப்பு என்ற சொல்லுக்குப் பிறகு மூச்சு விடுகிற அளவு நிறுத்தினார். ஓடு வந்தது என்பதை மெதுவாகச் சொன்னார். கடைசி வசனம் முடிந்ததும் கைதட்டல். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். எழுத்தாளன் கண்ணை மூடிக் கேட்பது அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணைத் திறந்தபோது இரண்டாம் வரிசை தெரிந்தது. செட்டிபாளையத்து அம்மா குனிந்திருந்தார். பக்கத்தில் உன்னிச்சை அம்மா மேடையைப் பார்க்கவில்லை. இவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. நான் ஏற்புரைக்கு எழும்பியபோது அவருடைய கதிரை காலியாக இருந்தது. மற்றவர் அசையாமல் இருந்தார். சுருக்கமே என் சத்தியம் என்று தொடங்கி நான் நாற்பது நிமிடம் பேசினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எந்த எழுத்தாளனும் ஆசைப்படுவது. புத்தகம் பரவியது. எங்கள் சனம் மலர் வாசித்து வளர்ந்த சனம். மெல்லிய புத்தகம் ஒன்று கையில் வந்தால் அவர்கள் முதலில் தேடுவது ஆள் யார் என்பதை. என் புத்தகத்தில் பெயர் இல்லை. அது அவர்களுக்கு அச்சுப் பிழையாகத் தெரிந்திருக்க வேண்டும், திருத்தினார்கள். பொது நூலகத்துக்கு நான் கொடுத்த பிரதியில் ஒவ்வொரு கதைக்குக் கீழும் பென்சிலால் பெயர், ஊர், சில இடத்தில் யாருடைய மருமகன் என்பதுவரை எழுதியிருந்தது. அந்த வெற்றிடம் கடைசியில் பயன்பட்டது. பாதி சரி. மீதியில் நான் கேள்விப்பட்டே இராத குடும்பங்கள். இரண்டாம் வீடு வைத்திருந்த ஒருவரைப் பற்றிய எட்டு வரிக் கதைக்கு நான்கு குடும்பம் சண்டைக்கு வந்தது. ஒரு குடும்பத்தின் பெரியவர் உயிரோடு இருந்தார், அவரே வந்தார்.

பதினேழாம் கதைக்குக் கீழே எழுதியிருந்த இரண்டு பெயரும் சரி.

அந்தப் பிரதியைத் திருப்பித் தரும்படி நூலகரிடம் கேட்டேன். இரவலுக்குப் பதினொரு பேர் பதிந்திருக்கிறார்கள், நீங்களும் பதியுங்கள் சேர், முறை வரும்போது சொல்கிறேன் என்றார். விற்ற பிரதிகளைத் திரும்ப வாங்கப் போன வீடுகளிலும், இங்கே இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது என்றே பதில் வந்தது. வாழ்நாளில் முதல்தடவையாக என் புத்தகம் ஒன்று கிடைப்பதற்கு அரிதாக இருந்தது.

மூன்று கிழமை கழித்துத்தான் செட்டிபாளையத்துக்குப் போக எனக்குக் கால் எழும்பியது. அந்த அம்மா தையல் மெசினில் இருந்தார். இருங்க சேர் என்றார், மெசினை நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்டேன். பெயர் போடவில்லை என்றேன். இலக்கியத்தில் வருகிற தங்கை நீங்கள் இல்லை என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். மெசின் ஓடிக்கொண்டிருந்தது. மச்சாள் மூன்று செவ்வாயாக வரவில்லை, போன் எடுத்தாலும் வெட்டிவிடுகிறார் என்று துணியைப் பார்த்தபடியே சொன்னார். பிறகு கேட்டார்:

"நான் துறையடியப் பற்றிச் சொன்னது ஞாபகம் இருக்கா சேர்?"

"இருக்கு."

"அத மறந்துட்டீங்களாக்கும் எண்டு இருந்தன்."

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் வயதுக்கு அதை யாரும் குறையாக எடுக்கமாட்டார்கள்.

"மறக்கல்ல. வெட்டினன்."

"ஏன்?"

"கதை நீண்டு போச்சு."

"எத்தின வரி?"

"மூண்டு."

அப்போதுதான் மெசின் நின்றது.

துறையடி விஷயம் இது. அண்ணனை மாப்பிள்ளை கேட்டு வந்த அந்தக் காலம் யுத்த காலம், வாவியைக் கடந்து போகிற இளம் ஆண்பிள்ளைகளில் சிலர் திரும்பி வராத காலம். அண்ணன் அக்கரைக்கு மாப்பிள்ளையாகப் போனால் அங்கேதான் இருக்க வேண்டும். சங்கக்கடை இக்கரையில். ஒவ்வொரு நாளும் காலையும் பின்னேரமும் தோணித் துறையைக் கடக்க வேண்டும். வந்தவர்கள் படலையடியில் நிற்கும்போதே அந்தப் பத்தொன்பது வயதுப் பெண் இதைத்தான் கணக்குப் போட்டாள். ஒரு கிழமைக்கு முன் அதே துறையில் இருந்து பக்கத்து வீட்டுப் பொடியன் ஒருவன் காணாமல் போயிருந்தான். மறுத்தால் அண்ணன் கேட்கமாட்டார், அவருக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. அதனால் வந்தவர்களைத் திருப்பினாள். "ஓடும் தேவைதான் சேர், இல்லையெண்டு சொல்லல்ல" என்று மலர் எழுதிய நாளிலேயே எனக்குச் சொன்னவர் அவர். "ஆனா நான் அண்டைக்கு ஓட்ட நினைக்கல்ல, துறையடியத்தான் நினைச்சன்."

கொப்பியில் இருந்த முதல் வடிவத்தில் இந்த மூன்று வரியும் இருந்தன. வாசித்துப் பார்த்தேன். தங்கைமேல் இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் அடி விழாது என்று நினைத்தேன். சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டேன். கோடு போட்டதும் கதை கத்திபோல ஆனது. நான் சொன்ன சந்தோசம் அப்போது வந்ததுதான்.

உன்னிச்சைக்குப் போய் நானே எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறேன் என்றேன். அந்த அம்மா முதல்தடவையாகச் சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை.

"அங்கயும் போய்ச் சுருக்கித்தானே சொல்லுவீங்க."

இருந்தும் போனேன். கொப்பியையும் எடுத்துக்கொண்டேன். வவுணதீவு தாண்டி, ஆயித்தியமலை தாண்டி, இரண்டு பக்கமும் அறுத்து முடிந்த வயல். உன்னிச்சை அம்மா வீட்டு முன்னால் தார் றோட்டில் நெல் காயப் போட்டிருந்தார். காலால் நெல்லைக் கிளறிக்கொண்டு ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு நிற்கவில்லை. "ஆரு, புத்தகக்காரரா" என்று மட்டும் கேட்டார். நின்று பேச வாய்ப்பில்லை என்று தெரிந்ததும், நானும் செருப்பைக் கழற்றிவிட்டு அவருக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினேன். போகும்போது பாதி, திரும்பும்போது மீதி. வீதியால் போன மோட்டார்சைக்கிள்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் சொன்னேன். துறையடி, காணாமல் போன பொடியன், சங்கக்கடை, காலையும் பின்னேரமும், எல்லாம். என் வாழ்நாளில் நான் சொன்ன ஆக நீளமான கதை அது.

முடிந்ததும் அவர் கேட்டார்: "இது புத்தகத்தில இல்லையே."

இல்லை என்றேன்.

"இப்ப புதுசாக் கட்டினதோ? நீங்க கதை எழுதுறவர்தானே."

அதற்குத்தான் கொப்பியைக் கொண்டுபோயிருந்தேன். பக்கத்தைத் திறந்து, தேதி போட்டு நான் எழுதிய அந்த வரிகளைக் காட்டினேன். அவர் சீலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். எழுத்துக்கூட்டி, உதட்டை அசைத்து, மெதுவாக வாசித்தார். விரல் சிவப்புக் கோட்டின்மேல் நின்றது.

"வெட்டிக் கிடக்கே."

"ஓம். நான்தான் வெட்டினன்."

"பிழை எண்டாத்தானே வெட்டுறது."

வேலைக்காலம் முழுக்கச் சுற்றறிக்கை வரைவுகளில் பிழைக்குச் சிவப்புக் கோடு போட்டவன் நான். அந்தக் கோட்டுக்கு வேறு பொருள் உண்டு என்று, சரியான ஒன்றையும் அழகுக்காக வெட்டலாம் என்று, வெயிலில் நெல் கிளறிக்கொண்டிருக்கிற ஒருவரிடம் எந்த முகத்தோடு சொல்வது? அவர் கொப்பியை மூடித் தந்தார். கோபமாகப் பேசவில்லை. நெல்லைப் பார்த்தபடியே சொன்னார்:

"கலியாணம் முடிச்சு, பிள்ளை பெத்த பிறகும் வருசா வருசம் அம்மன் கோயில்ல அந்த மனுசனுக்கு நேத்தி வெச்சன் சேர். வலிப்பு வரக்கூடாதெண்டு. என்ட மனுசனுக்குத் தெரியாது." கொஞ்சம் நடந்தார். "இனி எழுதுறதெண்டா ஒண்டையும் வெட்டாம எழுதுங்க. ஆனா அவவுக்கு வாய் இருக்கு. அவவ வந்து சொல்லச் சொல்லுங்க. நீங்க இடையில நிக்க வேணாம்."

இந்தத் தகவலை மட்டும், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், செட்டிபாளையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேர்த்தி வைத்ததைச் சொல்லவில்லை. அது என்னிடம் சொல்லப்பட்டது, ஆனால் உன்னிச்சை அம்மாவுக்கு உரியது; இங்கே எழுதுவதும் அவர் வெட்டாமல் எழுதச் சொன்னதால்தான். சொல்லாமல் விடப் பழகுவதற்கு அந்த வயது ஆனது எனக்கு.

செட்டிபாளையத்து அம்மா அந்தக் காலத்துக்குப் பிறகு ஒரு தடவையும் வாவிக்கு அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது பாலம் இருக்கிறது, பஸ் போகிறது, பிள்ளைகள் டியூசனுக்குக் கடந்து போய் வருகிறார்கள், இவருக்கு மட்டும் அது இன்னும் அந்தத் துறைதான். ஆட்டோ பிடித்து நானே கூட்டிப் போகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். வியாழக்கிழமை போவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை போனேன். பள்ளிச் சீருடைத் துணி ஒன்றை மேசையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தார். என்ன நடந்தது என்று கேட்டேன்.

"போனன். கதைச்சம். வந்தன்."

நான் பழைய பழக்கத்தில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் மற்றவர் பேசத் தொடங்குவார் என்பது என் தொழில். கத்தரிக்கோல் ஒரே சீராகத் துணியில் போய்க்கொண்டிருந்தது. ஒரு கையை வெட்டி முடித்தார், மற்றக் கையைத் தொடங்கினார். முகத்தில் இருந்து எதையும் எடுக்க முடியவில்லை. பிளேன்ரீ தந்தார், குடித்தேன். சீனி அளவாக இருந்தது. அதிலிருந்தும் எதையும் ஊகிக்க முடியவில்லை.

இப்போது மலர் எழுத யாரும் என்னிடம் வருவதில்லை. ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம் போகிறார்களாம். அவருக்குத் தமிழ் அவ்வளவு வராது, காதும் கொஞ்சம் மந்தம், அதனால்தான் போகிறார்கள். செத்தவீட்டில் நான் போய் இருந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் மழை பற்றியும் நெல் விலை பற்றியும் பேசுகிறார்கள். மிச்சம் இருந்த பிரதிகள் அறையில் கிடக்கின்றன. அந்தக் கொப்பியைக் கிழிக்கவில்லை. கிழித்தால் அதுவும் இன்னொரு வெட்டு.

உன்னிச்சை அம்மா மறுபடி வருகிறாரா என்று எனக்குத் தெரியாது. அறிந்துகொள்வது மிகச் சுலபம். பகல் சாப்பாட்டு நேரத்தில் அந்த வீட்டைக் கடந்து போனால் போதும், வாசலில் எத்தனை சோடிச் செருப்பு என்று தெரிந்துவிடும். எனக்கு அந்தப் பக்கம் வேலையும் இருக்கிறது, வங்கி அங்கேதான். செவ்வாய்க்கிழமைகளில் நான் அந்த வீதியால் போவதில்லை.